கொலுசு படாத கால்

குரும்பலூர்
9.6.2024

அன்பு அக்கா வளர்மதிக்கு,

தங்கை முத்தமிழ் எழுதுவது. இங்கே நானும், இவரும், அத்தையும் சுகமாக இருக்கிறோம். அரியலூரில் நீயும் மாமாவும் ஆர்த்திக் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? சுண்ணாம்புச் சுரங்கத் தூசியில் மாமாவுக்கு வந்த இருமல் விட்டதா?

ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிக்காதே. உன் போன் எந்நேரமும் ஆர்த்தி கையில் இருக்கிறது. என் போன் அடித்தால் வீட்டுக்காரர் வீரமணி ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். காலைப் பற்றி எல்லார் காதுபடவும் பேச எனக்கு வாய் வராது.

போன மாதம் வெங்காயக் காட்டில் களையெடுக்கக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தவள், எழுந்திருக்க முடியாமல் அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டேன். கூட வேலை செய்த பூமாலை கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "ஏண்டி முத்தமிழு, ஒங் காலுல யாராச்சும் தண்ணிக்கொடத்த கட்டி வுட்டாங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

உனக்குத்தான் தெரியுமே, இடுப்புக்கு மேலே நான் ஒரு ஆள், கீழே வேறு ஒரு ஆள். சோற்றை விட்டுக் கேழ்வரகுக் கூழ் குடித்தேன், ஏரிக்கரையில் நடையாய் நடந்தேன். முகம் வற்றியது, கை வற்றியது. கால் மட்டும் அப்படியே இருந்தது.

திருச்சியில் பிரவீணா என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரைப் பார்த்தேன். விரலால் லேசாகத்தான் அழுத்தினார், எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு கணுக்காலைப் பார்த்தார். மேலே இருந்து இறங்கி வரும் சதை அங்கே வளையம் போட்டது போல நின்றுவிடும், பாதம் மட்டும் சின்னப் பிள்ளையின் பாதமாக இருக்கும் இல்லையா? அதைத்தான் பார்த்தார். "இது நீங்க தின்னு வந்ததில்லைங்க. இது ஒரு நோய். லிப்பிடீமான்னு பேரு" என்றார். அக்கா, அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அங்கேயே கண்ணீர் கொட்டியது.

நம் கொலுசுக் கதையையும் சொன்னேன். கொலுசு இறுக்கித்தான் இந்தத் தடம் விழுந்தது, அதில்தான் கால் ஊதியது என்று அம்மா குறட்டால் என் கொலுசை நறுக்கி எடுத்தாளே. "கொலுசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்று சொல்லிவிட்டார்.

காலில் சேர்ந்த கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற லைப்போசக்ஷன் செய்தால் வலியும் பாரமும் குறையும் என்கிறார். எனக்குச் செய்துகொள்ள ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அம்மா போன பிறகு எனக்கு நீதான். நீ சரி என்று ஒரு வார்த்தை சொல்.

ஆர்த்தி சடங்குக்கு நான் எடுத்துக் கொடுத்த கொலுசை அவள் போடுகிறாளா? ஒரு போட்டோவில்கூடக் காணோமே.

பாசத்துடன்,
முத்தமிழ்


அரியலூர்
20.6.2024

தமிழுக்கு அக்கா எழுதிக்கொண்டது.

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். மாமாவின் இருமல் மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி போகமாட்டேன் என்கிறது. உன் மாமியாரைக் கேட்டதாகச் சொல்.

கடிதத்தைப் படித்தேன். டிவியில் நடிகைகள் செய்துகொள்வதை வெங்காயக் காட்டில் நிற்கிறவள் எதற்குச் செய்துகொள்ள வேண்டும்? உனக்கு என்ன கல்யாணம் ஆக வேண்டுமா? வீரமணி தம்பி தங்கமான மனிதர், ஒரு நாளாவது உன் காலைக் குறை சொல்லியிருக்கிறாரா? புடவையை இரண்டு விரற்கடை இறக்கிக் கட்டு. யார் பார்க்கப் போகிறார்கள்? வலிக்கு வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்.

அம்மா சொன்னதைப் பொய் என்று சொல்ல எந்த டாக்டருக்கும் உரிமை இல்லை. அம்மா கண்ணால் பார்த்துத்தான் சொன்னாள்.

ஆர்த்திக்கு வெள்ளி ஒத்துக்கொள்ளவில்லை, போட்டால் அரிக்கிறதாம். பத்திரமாகப் பீரோவில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வளர்மதி


குரும்பலூர்
2.7.2024

கோபக்கார அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கோபமும் சுகமாக இருக்கிறது என்று கடிதத்தில் தெரிந்துகொண்டேன்.

வேப்பெண்ணெய் தேய்த்தேன். வீடு முழுக்க நாறியதுதான் மிச்சம். மறுபடி திருச்சிக்குப் போனேன், இந்த முறை இவரையும் கூட்டிக்கொண்டு. நீ நினைப்பது போல இது எடை குறைக்கும் வேலை இல்லையாம். "ஒடம்பு இளைக்கணும்னு வர்றவங்களை நான் திருப்பி அனுப்பிருவேங்க" என்றார் டாக்டர். எடை ஏறி இறங்காமல் ஒரு நிலையில் இருக்க வேண்டும், ரத்தம் போதுமான அளவு இருக்க வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், ரத்தம் கட்டிய நோய் முன்பு வந்திருந்தால் ரொம்ப யோசிக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமலே நாளைக்கே வா என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போகாதே என்றும் சொன்னார். கத்தி வேண்டாம் என்றால் இறுக்கமான காலுறையும் நீச்சலும் நடையும் இருக்கின்றன. அவை வலியைத் தணிக்கும், சதையைக் கரைக்காது.

செய்வதென்றால், உப்புத் தண்ணீரில் மரத்துப்போகும் மருந்தைக் கலந்து சதைக்குள் செலுத்தி, மெல்லிய குழாயால் உறிஞ்சுவார்கள். தண்ணீரைப் பீய்ச்சிக் கொழுப்பைக் கழற்றி எடுப்பது இன்னொரு முறை. என் மாதிரிக் காலுக்கு அது மெதுவானது, நல்லது என்கிறார். மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுக்கக் கூடாதாம். முதலில் முழங்காலுக்குக் கீழே, சில மாதம் கழித்துத் தொடை. அதற்கப்புறமும் காலுறை, நடை எல்லாம் கூடவே வரும். "முழுசா போயிரும்னு நான் சொல்லமாட்டேன். நல்லா நடப்பீங்க, அத சொல்றேன்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

ஒன்று கேட்டார். "இது குடும்பத்துல வர்றது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இப்படிக் காலு இருக்குங்களா?" அம்மாவுக்கு இல்லை, அக்கா என்னைப் போல இல்லை, ஒல்லி என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்கு ஒரு கனவு அடிக்கடி வரும். வெங்காயக் காட்டின் மேலே தண்ணீர் ஏறி நிற்கும். நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு நிறம். நான் வெங்காயத் தாள்களுக்கு மேலே மிதந்துகொண்டு போவேன். காலுக்கு எடையே இருக்காது. பாடாலூர் ரோட்டில் லாரிகள் எல்லாம் அடியில் மெதுவாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். விழித்து, பாயிலிருந்து காலை எடுக்கும்போதுதான் வலி தெரியும்.

பதில் போடு. இந்தத் தடவை திட்டாமல்.
முத்தமிழ்


அரியலூர்
11.8.2024

தமிழுக்கு,

நலம். நீ நலமா? பதில் தாமதம். ஆர்த்திக்குப் பரீட்சை, வீட்டில் வெள்ளையடிப்பு, எழுத உட்காரவே முடியவில்லை.

ஆடிப் பதினெட்டுக்குத் திருமானூர் போனோம். கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டு வெள்ளம். யாரையும் இறங்க விடவில்லை. வழக்கமாக நான்தானே கரையில் துணிமணியையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு நிற்பேன்? இந்த வருஷம் ஊரே என்கூடக் கரையில் நின்றது. அது என்னவோ மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

மாமா சுரங்கத்திலிருந்து ஒரு கல் கொண்டுவந்திருக்கிறார். நத்தை மாதிரிச் சுருண்டு, வரி வரியாக இருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் கடலாம், அதில் வாழ்ந்த உயிராம். டிவி மேல் வைத்திருக்கிறேன். தூக்கினால் கனம். இதுவும் ஒரு காலத்தில் நீந்தியிருக்கும் என்று நினைத்தால் நம்பவே முடியவில்லை. மத்தியானம் அதைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருவது போலிருக்கிறது. ஜன்னல் வரை ஏறும். பயமே இருக்காது. கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். சரி, அது எதற்கு இப்போது.

மாமா கூப்பிடுகிறார். நிறுத்திக்கொள்கிறேன்.
வளர்மதி


குரும்பலூர்
25.8.2024

அன்பு அக்கா,

நலம், உன் நலம் கேட்டு எழுதுகிறேன். கல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய், நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. பரவாயில்லை. திட்டாமல் எழுதினாயே, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன்.

ரத்தம் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் நாளைத் தள்ளிவிட்டார். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். வீட்டில் தினமும் முருங்கைக்கீரைதான். இவர் தட்டைப் பார்த்துவிட்டு, "காலு ஒனக்கு, கீரை எனக்குமா?" என்கிறார். ஆனால் செய்துகொள் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். "அழகு கிழகெல்லாம் எனக்கு வேணாம். நீ வலிக்குதுன்னு சொல்லாம ஒரு நாளு தூங்குனா போதும்" என்றார். அத்தைக்கு ஒரே கவலை, எடுத்த சதையை எங்கே போடுவார்கள் என்று.

ஆயுத பூஜை கழிந்ததும் ஆபரேஷன். அக்கா, நீ வந்து என்கூட இரு. இவர் ஆம்பளை, அத்தைக்கு வயதாகிவிட்டது. கண் விழிக்கும்போது நீ பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயமிருக்காது. வருவாய் இல்லையா?

முத்தமிழ்


அரியலூர்
22.9.2024

தமிழுக்கு,

எல்லோரும் நலம். என்னால் வர முடியாது. பஸ் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, உனக்குத் தெரியும். ஆர்த்தியைத் தனியாக விடவும் முடியாது. கோபித்துக்கொள்ளாதே. முருங்கைக்கீரைப் பொடி இடித்து மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் டாக்டரிடம் போனால் சில விஷயம் கேட்டு வை. அந்த நோய் எந்த வயதில் ஆரம்பிக்கும்? பதினைந்து வயதில் தெரியுமா? தெரிந்தால் அப்போதே நிறுத்த வழி உண்டா? நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் அந்த ஆபரேஷன் செய்வார்களா? இங்கே பக்கத்து வீட்டில் ஒருத்தி கேட்டாள்.

சாமியை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.
வளர்மதி


குரும்பலூர்
3.11.2024

அக்காவுக்கு,

பிழைத்துக் கிடக்கிறேன். அங்கே தீபாவளி எப்படி? எனக்குப் புதுத் துணியே இந்த இறுக்கமான காலுறைதான்.

நீ வராதது எனக்கு வருத்தம்தான். சொல்லாமல் வைத்திருந்தால் உள்ளே புளித்துப்போகும், அதனால் சொல்லிவிட்டேன். கண் விழித்ததும் உன்னைத்தான் தேடினேன். இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள். படுத்தே கிடந்தால் ரத்தம் கட்டிவிடுமாம். ஊசித் துளைகளிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. அத்தை அதுதான் கொழுப்பு என்று நினைத்து, "இவ்ளோதானாடி? இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போய்விட்டார். ஓரிரு நாளில் கசிவு நின்றது. அதன்பிறகு கால் முழுக்கக் கத்திரிப்பூ நிறம், அப்புறம் பழுத்த இலை நிறம். சில இடம் மரத்துக் கிடக்கிறது, சில இடம் சுரீர் என்கிறது. இப்போது பார்த்தால் முன்னைவிட வீங்கியே இருக்கிறது. "மூணு மாசம், ஆறு மாசம் ஆகும்ங்க, கண்ணாடிகிட்ட இப்பவே கேக்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலுறையைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்ற வேண்டும். அதை மாட்டுவதற்கு நானும் இவரும் தினமும் மல்லுக்கட்டுகிறோம்.

ஊரில் என்ன ஆபரேஷன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்து குவிந்துவிட்டார்கள். பூமாலை காதோரம் குனிந்து, "கர்ப்பப்பைய எடுத்தாச்சா?" என்றாள். விளக்கிச் சொல்லிச் சலித்துப்போன அத்தை, "ஆமாமா, எடுத்தாச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது குரும்பலூர் முழுக்க எனக்குக் கர்ப்பப்பை இல்லை.

சிரித்தாயா? சிரித்திருந்தால் பதில் போடு.
முத்தமிழ்


குரும்பலூர்
22.12.2024

அன்பு அக்கா,

நலமா? பதில் இல்லை. போன் செய்தால் ஆர்த்தி எடுத்து, "அம்மா குளிக்கிறாங்க சித்தி" என்கிறாள். எப்போது செய்தாலும் குளிக்கிறாய். நீ என்ன மீனா?

நேற்று வெங்காயக் காட்டில் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் கைகொடுக்காமல் எழுந்தேன். கொஞ்சம் தடுமாறினேன், ஆனால் எழுந்துவிட்டேன். வரப்பிலேயே நின்று இவரைக் கூப்பிட்டேன். அவர் என்னவோ ஏதோ என்று பம்பு செட்டிலிருந்து ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல, எந்திரிச்சிட்டேன்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தொடை இன்னும் பாக்கி இருக்கிறது, வலி முழுவதும் போகவில்லை. ஆனாலும் இது என் கால் என்று முதல் தடவையாகத் தோன்றுகிறது.

அந்தக் கனவு மறுபடி வந்தது. இந்த முறை தண்ணீருக்குள் நடந்தே உன் ஊருக்கு வந்தேன். சிமெண்ட் லாரிகள் நின்ற இடத்தில் உன் நத்தைகள் வண்டிச் சக்கரம் அளவுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. நீ வாசலில் நின்றாய். தண்ணீரில் உன் புடவை மெல்ல மேலே மிதந்தது. நான் குனிந்து பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டது. அப்படியே கிடந்து யோசித்தேன். அக்கா, நான் உன் காலைப் பார்த்ததே இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே பாயில் படுத்தோம். நீ எப்போதும் கரையில்தான் நின்றாய்.

நீ கேட்கச் சொன்னதை டாக்டரிடம் கேட்டேன். வயசுக்கு வரும்போதே ஆரம்பிக்கலாமாம். பதினைந்து வயதில் கத்தி வைக்க மாட்டார்கள். காலுறை, நீச்சல், உடம்பு பெருக்காமல் பார்த்துக்கொள்வது, எல்லாவற்றையும்விட முக்கியமாக அந்தப் பிள்ளையிடம் இது உன் தப்பில்லை என்று சொல்வது. சீக்கிரம் தெரிந்தால் நல்லதாம். நாற்பதைத் தாண்டினவர்களுக்கும் சர்க்கரையும் ரத்தமும் சரியாக இருந்தால் செய்வார்களாம். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் உன்னைக் கேட்கவில்லை.

உன் முத்தமிழ்


அரியலூர்
19.1.2025

தமிழு,

பொங்கல் நன்றாகப் போனதா? எல்லோரும் சுகமா? எனக்கு இன்றைக்குத்தான் எழுதத் தைரியம் வந்தது.

பக்கத்து வீட்டில் யாரும் கேட்கவில்லை. எனக்கும் அதே கால்தான். உன்னைவிட மோசம். மேலே ஒல்லியாக இருப்பதால் புடவைக்குள் யாருக்கும் தெரியாது. உன் மாமா ஒருவருக்குத்தான் தெரியும். அம்மா முதலில் நறுக்கியது என் கொலுசைத்தான். நீ அப்போது பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. யாரிடமும் காட்டாதே, கட்டிக்கொடுக்க முடியாமல் போய்விடும் என்று சொன்னாள். நான் காட்டவில்லை, உன்னிடம்கூட. பஸ் ஒத்துக்கொள்ளாமல் இல்லை, அதன் படியில்தான் என்னால் ஏற முடிவதில்லை. உன் ஆபரேஷனுக்கு வந்தால் அந்த டாக்டர் என் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். நீ கண்ணைத் திறந்து என்னைத் தேடினாய் என்று படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஆர்த்திக்கு வெள்ளி அரிக்கவில்லை. அவளுக்கு இது வந்துவிடக் கூடாது என்று நான்தான் கொலுசே போடவிடவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாளும் போட்டதில்லை. தண்டை, கறுப்புக் கயிறு எதுவும் கட்டியதில்லை. நீ கொடுத்தது பெட்டியோடு அப்படியே இருக்கிறது. கொலுசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீ எழுதினாயே, அதை நம்பினால் என் கையில் வேறு என்ன இருக்கிறது சொல்? இத்தனை வருஷம் அவளுக்கு நான் செய்த ஒரே காவல் அதுதான்.

பொங்கலன்று கோலம் போட அவள் பாவாடையைத் தூக்கிச் செருகினாள். நான் பார்த்தேன். கொலுசே படாத கால் தமிழு. அதில் அந்தத் தடம் விழுந்திருக்கிறது.

கோலமாவோடு என் கை நின்றுவிட்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஒனக்கு இப்பத்தான் தெரியுமாம்மா? எனக்கு ரெண்டு வருசமா வலிக்குது. பி.டி. பீரியடுல தலைவலின்னு சொல்லிட்டு மரத்தடியில ஒக்காந்துப்பேன். நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல" என்றாள். என்னை மாதிரியே அவளும் கரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

கதவைச் சாத்திவிட்டு அவளிடம் என் காலைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தாள். "வலிக்குமாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்படி ஒருத்தரிடம் சொன்னது எனக்கு இதுதான் முதல் தடவை.

உன் டாக்டரிடம் அவளுக்கு நாள் வாங்கி வை. எனக்கும்.

அக்கா


குரும்பலூர்
23.1.2025

அக்கா,

எல்லோரும் சுகம், நீயும் இனி சுகம். உன் கடிதத்தைப் படித்ததும் உடனே பஸ் ஏறி வந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் இந்த ஒரு தடவை நீ வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அடுத்த வாரம் டாக்டர் நாள் கொடுத்திருக்கிறார். பஸ் வேண்டாம், இவர் வாடகைக் காரோடு வருவார். படி தாழ்வான காராகப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். எடுத்ததும் கத்தி என்று பயப்படாதே, முதலில் பரிசோதனையும் காலுறையும்தான். மாட்டுவது எப்படி என்று நான் சொல்லித்தருகிறேன். மல்லுக்கட்டில் எனக்கு நல்ல பழக்கம்.

ஆர்த்திக்கு அந்தக் கொலுசைப் போட்டுக் கூட்டிவா. திருகு எட்டாவிட்டால் கவலைப்படாதே, கூடச் சேர்க்க வளையங்கள் வாங்கி வைத்திருக்கிறேன். உன் கணுக்கால் அளவையும் நூல் பிடித்து எடுத்துவா.

ஆடிப் பதினெட்டுக்குத் திருமானூருக்கு நாங்களும் வருகிறோம். துணிமணியையும் செருப்பையும் இவர் பார்த்துக்கொள்வார். நீ தண்ணீரில் இறங்கு.

முத்தமிழ்